திடவார்ப்பை அறுக்கும் நேரம்

கேள்வி: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் திடமாக வார்த்த 2 அடிச் சிலையை, விளிம்பு உதிராமல் 3 துண்டாக்க வேண்டும். கிரைண்டர் போதுமா?

பதில்: போதாது. 4 அங்குலத் தட்டு சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம்தான் இறங்கும். சுற்றிலும் அறுத்தாலும் நடுப்பகுதி அப்படியே நிற்கும். அதைத் தட்டிப் பிளந்தால் விரிசல் தன் போக்கில் ஓடிவிடும். கருவியைவிட முக்கியம், அறுக்கும் நேரம். ஈரமான பிளாஸ்டருக்கு, முழுதும் உலர்ந்ததன் வலுவில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். அதனால் இறுகிய மறுநாளே, பெரிய பற்கள் கொண்ட நீண்ட கைவாளால் அறுப்பது எளிது, தூசியும் பறக்காது. உலர்ந்துவிட்டதென்றால், அறுக்கும் கோட்டில் ஈரத்துணி சுற்றி நனையவிடுங்கள்.

வலுக் குறைந்த நிலையில் சிலையே உடையாதா என்ற அச்சம் நியாயமானது. மணல்மூட்டையில் படுக்கவைத்து, இரு பக்கமும் தாங்கல் கொடுத்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். விளிம்பு உதிர்வது பெரும்பாலும் வாள் வெளியேறும் பக்கத்தில்தான். ஆகவே முதலில் சுற்றிலும் கோடு கீறி, சிலையைத் திருப்பித் திருப்பி நடுவை நோக்கி அறுங்கள். எப்படி அறுத்தாலும் வாளின் கனம் அளவுக்குப் பொருள் போய்விடும். துண்டுகள் மீண்டும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டுமானால், அறுப்பதை விட்டு, வார்க்கும்போதே அச்சுக்குள் மெல்லிய தகடு வைத்துப் பிரிப்பதே சரியான வழி.