கூட்டத்துக்குப் போங்க, கேள்வியோட போங்க

தொழில் பண்ற தங்கைகள்கிட்ட நான் திரும்பத் திரும்பச் சொல்றது, வருஷத்துல ரெண்டு மூணு பொருளாதாரக் கூட்டத்துலயாவது போய் உட்காருங்கன்னுதான். "அதெல்லாம் பெரிய முதலாளிங்களுக்கு, நமக்கெதுக்குக்கா?"ன்னு கேக்கறீங்க. பெரிய கம்பெனிக்கு ஆடிட்டரும் வக்கீலும் சம்பளத்துக்கு இருக்காங்க. வீட்டுல நாலு மெஷின் போட்டுத் தைக்கிற உங்களுக்கு யார் வந்து சொல்லுவா?

2023 பிப்ரவரி 1 பட்ஜெட்டையே எடுத்துக்குங்க. வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ஒரு உட்பிரிவு சேர்த்தாங்க. குறு, சிறு நிறுவனத்துல சரக்கு எடுத்தவங்க, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லேன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும். கெடு தாண்டியும் பாக்கி நின்னு வருஷம் முடிஞ்சுட்டா, அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாது. எப்போ கொடுக்கறாங்களோ அந்த வருஷத்துலதான் காட்டலாம். பாக்கியை இழுத்தடிக்கிற பார்ட்டிகிட்ட பேச இதைவிட நல்ல பிடி ஏது? ஆனா உங்களுக்கு, சிறு தொழிலுக்கு அரசு தர்ற உத்யம் பதிவு இருக்கணும். அதுக்குக் கட்டணமே கிடையாது. வாங்கி விக்கிற வியாபாரத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது, உற்பத்திக்கும் சேவைக்கும்தான். நிறைய பேருக்கு இது 2024 மார்ச்சுல, கணக்கு முடிக்கிற நேரத்துலதான் தெரிஞ்சது. நடுவுல ஒரு வருஷம் வீணாப் போச்சு.

இதுக்காகத்தான் பட்ஜெட் விளக்கக் கூட்டத்தை மட்டும் விட்டுடாதீங்கன்னு சொல்றேன். வரிச் சட்ட நிபுணர் நானி பல்கிவாலா 1958ல பம்பாயில ஒரு ஹோட்டலோட சின்ன ஹால்ல பட்ஜெட்டை விளக்கிப் பேச ஆரம்பிச்சார். கூட்டம் தாங்காம பிராபோர்ன் ஸ்டேடியத்துக்கே மாத்த வேண்டியதாச்சு. வந்தவங்க எல்லாரும் பொருளாதாரம் படிச்சவங்க இல்லை.

எங்கே போறதுன்னா, முதல்ல உங்க ஊர்த் தொழில் சங்கம். கோவையில கொடிசியா, மதுரையில மடீட்சியா, திருச்சியில டிடிட்சியா. சென்னையில மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் இருக்கு, கோட்டூர்புரத்துல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கு. மால்கம் ஆதிசேஷையா 1971ல தொடங்கின வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறுல இருக்கு.

போறதுக்கு முந்தின நாளே உங்க தொழில்லேர்ந்து ஒரே ஒரு கேள்வியை எழுதி வெச்சுக்குங்க. "பொருளாதாரம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா பொத்தாம்பொதுவாத்தான் பதில் வரும். "ரெப்போ வட்டி குறைஞ்சிடுச்சு, என் கடன் வட்டி ஏன் குறையலை?"ன்னு கேளுங்க. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் குறு, சிறு தொழிலுக்குக் கொடுக்கிற மாறும் வட்டிக் கடனை ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனோட வட்டி) மாதிரி ஒரு வெளி அளவுகோலோட இணைக்கணும், 3 மாசத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்தணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. உங்க கடன் பழையதா, வங்கிக் கடனா, ஃபைனான்ஸ் கம்பெனிக் கடனாங்கிறதை வெச்சுப் பதில் மாறும். அதை விவரமாத் தெரிஞ்சவர் மேடையில இருக்கும்போதே கேட்டுடுங்க. பேச்சு இங்கிலீஷ்ல இருந்தாலும் நீங்க தமிழ்லயே கேளுங்க, கூச்சமே வேண்டாம்.

பின் வரிசையில போய் ஒதுங்காதீங்க. மைக் அங்கே வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். டீ இடைவேளையில போனை எடுக்காம பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட என்ன தொழில்னு விசாரிங்க. நூல் எங்கே எடுக்கறாங்க, எந்த பார்ட்டி ஒழுங்காப் பணம் தர்றாங்கங்கிறதெல்லாம் அங்கேதான் பேச்சுல வரும். என் கணக்குல மேடைப் பேச்சுல பாதி மதிப்பு இதுக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. நட்சத்திர ஹோட்டல்ல இலவசமாக் கூப்பிட்டு, கடைசியில ஆயிரக்கணக்குல கோர்ஸ் விக்கிற கூட்டமும் இருக்கு. பணம் இரட்டிப்பாகும்னு யாராவது பேசினா எழுந்து வந்துடுங்க. முதலீட்டு ஆலோசனை சொல்றவங்களுக்கு செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு இருக்கான்னு செபி இணையதளத்துல நீங்களே பார்க்கலாம்.

அடுத்த பட்ஜெட் பிப்ரவரியில வரும். ஜனவரிக் கடைசியிலேயே உங்க ஊர்ச் சங்கத்துக்கு போன் போட்டு, விளக்கக் கூட்டம் என்னிக்கு, உறுப்பினர் இல்லாதவங்க வரலாமான்னு கேட்டு வெச்சுக்குங்க.