கோதுமைக்குத் துணைபுரியும் மண் கிருமிகள்

கிருமி என்றதும் நோயே நம் நினைவிற்கு வருகிறது. ஆயினும் மண்ணில் வாழும் நுண்கிருமிகளுட் பல பயிருக்கு உற்ற துணையாயிருப்பவை. கோதுமைக்கு உதவும் இரண்டு வகைகளைப் பற்றியும், அவற்றிற்காகக் குடியானவர் செலவிடும் பணம் வீணாகாதிருக்கும் வழியைப் பற்றியும் இங்கே கூறுவோம்.

காற்றில் நூற்றுக்கு 78 பாகம் நைட்ரஜன் வாயுவே. பயிருக்குத் தழைச்சத்தாவது இதுவே. எனினும் பயிர் அதைக் காற்றிலிருந்து நேரே உட்கொள்ள இயலாது. உளுந்து, கடலை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் கிருமிகள் அதைப் பயிருக்கு ஏற்றவாறு மாற்றித் தருகின்றன. கோதுமைக்கு அத்தகைய முடிச்சுகள் இல்லை. அதற்குத் துணையாவன, மண்ணிலும் வேரோரத்திலும் வாழும் அசோடோபாக்டர், அசோஸ்பைரில்லம் என்பவை. ஹாலந்து தேசத்து அறிஞர் பெய்ஜரிங்க் என்பார் முன்னதை 1901-லும், பின்னதை வேறொரு பெயரால் 1925-லும் விவரித்தார். 1970-க்குப் பின் பிரேஸில் தேசத்தில் ஜோஹானா டோபரைனர் என்னும் அம்மையார் செய்த ஆராய்ச்சியால் அசோஸ்பைரில்லத்தின் பயன் உலகறிந்தது.

இக்கிருமிகள் வேரிலிருந்து கசியும் சர்க்கரை முதலியவற்றை உண்டு வாழ்கின்றன. கைம்மாறாகச் சிறிது தழைச்சத்தை அளிக்கின்றன. அதனினும் பெரிய உதவி மற்றொன்று உண்டு. அவை சுரக்கும் வளர்ச்சிப் பொருளால் பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. அதனால் நீரையும் உரத்தையும் பயிர் மிகுதியாக ஈர்க்கிறது. ஆகவே, கிருமியை நம்பி எருவை அடியோடு நிறுத்துதல் தகாது. இட்ட எரு பயிருக்குச் சேரும்படி செய்வதே அதன் முக்கியமான தொழில்.

பல தேசங்களில் பல பயிர்களுக்கு அசோஸ்பைரில்லம் இட்டுச் செய்த சோதனைகளை 1994-ல் தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 60 முதல் 70 வரையிலானவற்றில் மகசூல் 5 முதல் 30 சதவிகிதம் உயர்ந்திருந்தது. ஏனையவற்றில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. மண்ணும் பருவமும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் பொட்டலத்திலேயே கிருமி மடிந்துபோனால் எந்த மண்ணிலும் பலன் இராது. இது உயிருள்ள சரக்கு என்பதை மறவாது பின்வருமாறு செய்தல் வேண்டும்:

1. விதைப்புக்குச் சற்று முன்னரே சங்கத்தின் மூலம் தருவிக்க வேண்டும். பயிரின் பெயரும் காலாவதித் தேதியும் பார்த்தே பெற வேண்டும்.

2. வெயில் காயும் தகரக் கொட்டகையிலும், பூச்சிமருந்து, ரசாயன உரம் இவற்றின் அருகிலும் அடுக்கலாகாது.

3. 10 கிலோ விதைக்கு 200 கிராம் வீதம், ஆறிய வெல்ல நீரில் குழைத்து, விதையின்மேல் சீராகப் படியுமாறு கலக்க வேண்டும். நிழலில் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும்.

4. பூஞ்சண மருந்து கலப்பதாயின் அதை முதலிலும், கிருமியைக் கடைசியிலும் கலக்க வேண்டும்.

5. வயலின் ஒரு பாத்தியில் கிருமி சேர்க்காத விதையை முதலில் விதைத்து, அடையாளமிட வேண்டும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால், தம் நிலத்திற்கு இச்செலவு தகுமா என்பதைக் குடியானவர் தாமே அறியலாம். அக்கணக்கைச் சங்கக் கூட்டத்தில் பலரும் எடுத்துரைப்பின், அடுத்த பருவத்திற்கு எவ்வளவு தருவிப்பது என்பதைச் சங்கமும் தெளிந்து தீர்மானிக்கலாம்.