அந்தி சாய்ந்ததும் கலங்கும் அயனி மண்டலம்

நம்பிக்கை: பூமியின் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்குக் கூடுதல் உந்துதல் தரும் என்பதால்தான் ஏவுதளத்துக்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்கி-அப்பாச்சி, செயற்கைக்கோளைச் சுமந்து போகவில்லை. உயரே போய்ச் சோடிய ஆவியைத் தூவிவிட்டுக் கீழே விழும் சிறிய ஆய்வு ராக்கெட் அது. சுழற்சியின் தயவு அதற்குத் தேவையே இல்லை. தும்பாவின் மவுசுக்குக் காரணம் காந்த நடுக்கோடு. மேலும் கீழும் ஆடும்படி ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், சென்னையில் அதன் வடமுனை சற்றே தரையை நோக்கிச் சாயும். காந்த நடுக்கோட்டில் எந்தப் பக்கமும் சாயாமல் படுத்தபடி நிற்கும். காந்தக் கோடுகள் இப்படிக் கிடையாக ஓடுவதால், சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை உள்ளே புகுந்து அளக்கத்தான் தும்பா. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதே கோட்டை நம்பித்தான்.

நம்பிக்கை: சூரியன் மறைந்தால் அயனி மண்டலம் அடங்கிவிடும்.

நம் பக்கத்தில் கூத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். பகலில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உயரத்துக் காற்றிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும்; அயனி மண்டலம் உருவாவது அப்படித்தான். பொழுது சாய்ந்ததும், 100 கி.மீ. அளவில் உள்ள கீழடுக்கில் அயனிகளும் எலக்ட்ரான்களும் மளமளவென்று சேர்ந்து மறைந்துவிடுகின்றன. 300 கி.மீ. உயரத்து மேலடுக்கு அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. அந்தி நேரத்தில் வலுக்கும் மின்புலம் அதை இன்னும் மேலே தூக்குகிறது. ஆக, அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த அடர்ந்த பிளாஸ்மா மேலே, அது ஏறக்குறைய இல்லாத அடுக்கு கீழே. எண்ணெய்மேல் தண்ணீர் நிற்பது மாதிரியான நிலை இது. சின்ன அசைவு போதும், கவிழ்ந்துவிடும். ராலே-டெய்லர் நிலையின்மை என்பது இதைத்தான். கீழிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் அடுக்கைத் துளைத்துக்கொண்டு ஏறுகின்றன, சில வேளை 1000 கி.மீ.க்கும் மேலே.

பெருவின் ஹுவான்காயோவில் இதன் தடயத்தை புக்கரும் வெல்ஸும் 1938-லேயே பதிவு செய்தார்கள். மேலே அனுப்பிய ரேடியோ அலை மெல்லிய கோடாகத் திரும்ப வேண்டியது, சில இரவுகளில் அகலமாகக் கலைந்து வந்தது. காரணம் துலங்க வெகுகாலம் பிடித்தது. லிமா அருகே உள்ள ஹிகமார்க்கா ராடாரில் குமிழிகள் புகைத்தூண்போல் எழுவதை வுட்மனும் லா ஹோசும் 1976-இல் வெளியிட்ட பிறகே படம் தெளிந்தது.

நம்பிக்கை: சூரியப் புயல் அடித்தால்தான் தொந்தரவு.

இல்லை. புயலே இல்லாத மார்ச், செப்டம்பர் மாத இரவுகளில்தான் இந்தியப் பகுதியில் குமிழிகள் அதிகம். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் கூடும் என்பது உண்மை. ஆனால் சில காந்தப் புயல்கள் குமிழியை எழவிடாமல் அமுக்கியும் விடுகின்றன.

நம்பிக்கை: குமிழி பிறக்கும் தென்கோடியில்தான் ஜிபிஎஸ் அதிகம் கெடும்.

குமிழி காந்தக் கோடுகளை ஒட்டி வடக்கும் தெற்கும் நீள்கிறது. பகலில் நடுக்கோட்டிலிருந்து மேலெழுந்து இருபுறமும் வழிந்த பிளாஸ்மா, அகமதாபாத், கொல்கத்தா போன்ற ஊர்களின் வானில் குவிந்து கிடக்கிறது. அந்த அடர்த்திக்குள் குமிழி நுழையும்போதுதான் அடி பலம்: செயற்கைக்கோள் சமிக்ஞை சில நொடிகளுக்குள் நூறில் ஒரு பங்காகச் சுருங்கி, மீண்டு, மறுபடி சுருங்கும்.

அதற்காக, தி.நகர் சந்துக்குள் போன் வழிகாட்டி தடுமாறினால் பிளாஸ்மாவைத் திட்ட வேண்டாம். அது பெரும்பாலும் சுவர்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையின் வேலை. மழை மேகமும் இதில் குற்றவாளி அல்ல. குமிழியால் திண்டாடுகிறவர்கள் சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளப்பவர்களும் விமானத்தை இறக்குபவர்களும்தான். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து, ஜிபிஎஸ் பிழைகளைத் திருத்தும் ககன் அமைப்பை உருவாக்கியபோது, நம் வானுக்கென்று தனி அயனி மாதிரி ஒன்றையே வகுக்க வேண்டியிருந்தது. இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று விற்பவர்கள் சொல்லலாம். அலை தாமதமாக வருவதை அது கணக்கிட்டுத் திருத்தும். அலையே அறுந்துபோனால் திருத்த அதனிடம் எதுவும் இருக்காது.