இதயப்புழு சிகிச்சை: காப்பக நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸ், லூசியானா, ஃபுளோரிடா போன்ற அமெரிக்கத் தென் மாநிலங்களில் நாய்க் காப்பகங்களுக்குப் போனால் ‘ஹார்ட்வார்ம் பாசிட்டிவ்’ (இதயப்புழு இருக்கிறது) என்ற வார்த்தை அடிக்கடி காதில் விழும். கேட்டதும் பலர் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நகர வேண்டியதில்லை. நோய் முற்றாத நாய்கள் பெரும்பாலும் நன்றாகவே தேறிவிடுகின்றன. ஊசி போடுவது மருத்துவர் வேலை, நாயை அமைதியாக வைத்திருப்பது நம் வேலை. அது எப்படி என்று தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

என்ன நோய் இது?

கொசுக்கடி வழியாக நுண்ணிய இளம்புழுக்கள் உடலுக்குள் போகின்றன. ஆறேழு மாதத்தில் முதிர்ந்து, நுரையீரல் தமனிகளிலும் இதயத்திலும் தங்குகின்றன. பெண் புழு 30 செ.மீ. வரை வளரும், 5 முதல் 7 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தொற்றாது, நடுவில் கொசு வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்க்குத் தடுப்பு மருந்து தவறாமல் போய்க்கொண்டிருந்தால் போதும்.

முதலில் என்ன பரிசோதனை?

ரத்தத்தில் ஆன்டிஜென் சோதனை செய்து, இன்னொரு சோதனையால் உறுதிப்படுத்துவார்கள். மார்பு எக்ஸ்ரேயும், கல்லீரல், சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். நோய் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதை இவைதான் சொல்லும்.

சிகிச்சை எந்த வரிசையில்?

அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி பரிந்துரைக்கும் வரிசை இது:

1. முதல் நாள்: ஓட்டமும் விளையாட்டும் நிறுத்தம். மாதத் தடுப்பு மருந்து தொடக்கம்.
2. முதல் 28 நாட்கள்: டாக்ஸிசைக்ளின் மாத்திரை. புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை இது ஒடுக்குகிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரலாம், சாப்பாட்டோடு கொடுப்போம்.
3. அடுத்த ஒரு மாதம்: காத்திருப்பு.
4. ஏறத்தாழ 60-ஆம் நாள்: முதிர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமைன் மருந்தின் முதல் ஊசி, கீழ்முதுகுத் தசையில்.
5. 90, 91-ஆம் நாட்கள்: இரண்டாவது, மூன்றாவது ஊசிகள்.
6. கடைசி ஊசிக்குப் பிறகு 6 முதல் 8 வாரம்: முழு ஓய்வு.

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிக்கும். நாய் முதுகை வளைத்துக்கொண்டு நடக்கும், உட்காரத் தயங்கும். அந்த இடத்தைத் தொடாமல், வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்போம்.

எவ்வளவு செலவாகும்?

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அதனால் பெரிய நாய்க்குச் செலவு அதிகம். தனியார் மருத்துவமனையில் மொத்தம் 1,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். முதலிலேயே எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்வோம். சிகிச்சை முடியும்வரை வளர்ப்புப் பொறுப்பை நம்மிடம் தந்து, செலவைத் தாங்களே ஏற்கும் காப்பகங்களும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுங்கள். தத்தெடுக்குமுன்பே இருந்த நோய்க்குக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

செத்த புழு வெளியே வருவதில்லை. துண்டு துண்டாகச் சிதைந்து நுரையீரல் ரத்தக்குழாய்களுக்குப் போகிறது. உடல் அதை மெல்ல மெல்லக் கரைக்கிறது. அந்த வாரங்களில் நாய் ஓடினால் இதயம் வேகமாக ரத்தத்தைத் தள்ளும், குழாய் அடைப்பு உயிருக்கே ஆபத்தாகும். நாய் நலமாகத் தெரியும் நாட்களில்தான் நமக்குக் கண்டிப்பு வேண்டும்.

கூண்டு அல்லது சிறிய அறை ஒன்றை ஒதுக்குவோம். மலஜலத்துக்கு மட்டும் குட்டை லீஷில் வெளியே அழைத்துப் போவோம். மாடிப்படிக்குத் தடுப்பு வைப்போம். அழைப்புமணிச் சத்தத்துக்குத் துள்ளும் நாய் என்றால் மணியை அணைத்துவிடலாம். உடம்புக்கு வேலை இல்லாதபோது மூக்குக்கு வேலை கொடுப்போம்: பழைய துண்டில் உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால், படுத்தபடியே மோந்து மோந்து பிரித்துத் தின்னும். அப்படியும் அடங்கவில்லை என்றால் அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவரிடம் கேட்கலாம்.

மருத்துவர் ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தால் தாகமும் சிறுநீரும் கூடும். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், வெளியே அழைத்துப்போகும் தடவைகளைக் கூட்டுவோம். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

எச்சரிக்கை

இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், வெளிறிய ஈறு, மயங்கி விழுதல் – இதில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசர மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருத்துவமனையின் எண்ணை இன்றே ஃபோனில் சேமித்துவிடுங்கள்.

ஊசி வேண்டாம், மாதத் தடுப்பு மருந்தே புழுவை மெல்லக் கொன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதற்குள் புழு நுரையீரலைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். செலவு குறைவு என்பதற்காக அந்த வழியில் போகக் கூடாது.

முடிந்த பிறகு?

ஓய்வுக்காலம் முடிந்ததும் குட்டி நடையில் தொடங்கி, வாரக்கணக்கில் தூரத்தைக் கூட்டுவோம். கடைசி ஊசிக்கு 9 மாதம் கழித்து ஆன்டிஜென் சோதனை நெகட்டிவ் என்று வந்தால் புழு ஒழிந்தது.

ஒருமுறை குணமான நாய்க்கும் மறுபடி இதயப்புழு வரலாம். எனவே மாதத் தடுப்பு மருந்தை ஆண்டு முழுவதும், ஆயுள் முழுவதும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுங்கள். ஓராண்டுக்கான தடுப்பு மருந்தின் விலை, இந்தச் சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்குதான்.