உடல் கிடைக்கவில்லை என்றால்? – பத்தாம் வகுப்பில் ஒரு விவாதப் பாடம்

சென்ற கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமை. வருகைப்பதிவு முடிவதற்குள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், ஃப்ளைட்டக் கடத்திப் பணத்த வாங்கிக்கிட்டு பாராசூட்ல குதிச்சவன கடைசிவரைக்கும் பிடிக்கவே முடியலையாமே, நெஜமா?" ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். "செத்திருப்பான்டா" என்று ஒரு குரல். "அதெப்படி? ஆளே கிடைக்கலையே" என்று இன்னொரு குரல். அன்று நடத்த வேண்டியது வேறு பாடம். ஆனால் மேல்பட்டாம்பாக்கத்தில் நான் கற்பிக்கும் அந்தப் பத்தாம் வகுப்பில், 38 பேரும் ஒரே நேரத்தில் பேச விரும்பிய நாள்கள் மிகக் குறைவு. அந்த வாய்ப்பை விட மனமில்லை.

வரலாறு கற்பிக்கும் நமக்குத் தெரிந்த சிக்கல் ஒன்று உண்டு. புத்தகத்தில் இருப்பதை மாணவர்கள் அப்படியே ஒப்பிப்பார்கள். 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்வியைப் பழக்கப்படுத்த இந்த வழக்கு உதவும் என்று தோன்றியது. இரண்டு வாரங்களில் நான்கு பாடவேளைகள் இதற்குச் செலவிட்டேன். அதில் நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடவேளை: வழக்கைச் சொல்லுதல்

கரும்பலகையில் உறுதியாகத் தெரிந்த செய்திகளை மட்டும் எழுதினேன். 1971 நவம்பர் 24. அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து சியாட்டில் செல்லும் போயிங் 727 விமானம். டான் கூப்பர் என்ற பெயரில் பயணச்சீட்டு வாங்கிய ஒருவர், தம்மிடம் வெடிகுண்டு இருப்பதாக எழுதிய சீட்டை விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார். 2 லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும் கேட்டார். சியாட்டிலில் இரண்டும் கிடைத்ததும் பயணிகளை இறக்கிவிட்டு, மெக்சிகோ நோக்கி விமானத்தைச் செலுத்தச் சொன்னார். 10,000 அடிக்குக் கீழே, சக்கரங்களை உள்ளிழுக்காமல், மெதுவாகப் பறக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அன்றிரவு 8 மணிக்குப் பிறகு, மழையில், வால்பகுதிப் படிக்கட்டைத் திறந்து குதித்தார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. செய்தியாளர் ஒருவரின் பிழையால் டி.பி. கூப்பர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மைப் பெயர் இன்றுவரை தெரியாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 45 ஆண்டுகள் தேடிவிட்டு, 2016 ஜூலையில் தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது.

இரண்டாம் பாடவேளை: இரண்டு அணிகள், மூன்று கட்டங்கள்

வகுப்பை 'பிழைத்தார்' அணி, 'இறந்தார்' அணி என்று பிரித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள். அதில் மூன்று கட்டங்கள்: 'தெரிந்தது', 'அதிலிருந்து நாம் ஊகிப்பது', 'இன்னும் தெரியாதது'. எந்தக் கூற்றையும் ஏதேனும் ஒரு கட்டத்தில் எழுதிய பிறகே பேசலாம் என்பது விதி.

'இறந்தார்' அணி வேகமாகத் தொடங்கியது. இரவு, மழை, கீழே காடு. அணிந்திருந்தது கோட்டும் சாதாரணக் காலணியும். எடுத்துச் சென்ற பாராசூட்டுகளில் ஒன்று, பயிற்சி வகுப்பில் காட்டுவதற்காகத் தைத்து மூடப்பட்ட, விரியவே விரியாத ஒன்று. விவரம் தெரிந்தவர் அதை எடுத்திருப்பாரா என்று ஒரு மாணவி கேட்டாள். பணத்தின் எடையையும் கணக்கிட்டார்கள். எல்லாம் 20 டாலர் தாள்கள். 2 லட்சத்தை 20-ஆல் வகுத்தால் 10,000 தாள்கள். ஒரு தாள் ஏறத்தாழ 1 கிராம் என்றால் 10 கிலோ. "பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ண இடுப்புல கட்டிக்கிட்டுக் குதிச்ச மாதிரி" என்றான் ஒருவன்.

'பிழைத்தார்' அணியும் சளைக்கவில்லை. படிக்கட்டு வாலில் இருக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தவர், அதன் வேகத்தைக் குறைக்கும் வழி அறிந்தவர், விமானம் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்க முடியாது. அவர்கள் கேட்டதால் நான் ஒரு செய்தி சேர்த்தேன். 1972 ஏப்ரலில் ரிச்சர்ட் மெக்காய் என்பவர் இதேபோல் போயிங் 727 ஒன்றைக் கடத்தி, 5 லட்சம் டாலருடன் யூட்டா மாநிலத்தில் இரவில் குதித்தார். உயிருடன் தரையிறங்கினார். சில நாள்களிலேயே கைதானார். அந்த ஆண்டில் அவ்வாறு குதித்துப் பிழைத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆகவே குதித்தால் சாவு உறுதி என்று சொல்ல முடியாது.

பிறகு ஆற்றங்கரைப் பணத்துக்கு வந்தோம். 1980 பிப்ரவரியில் கொலம்பியா ஆற்று மணலில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் நைந்துபோன கட்டுகளைக் கண்டெடுத்தான். மொத்தம் 5,800 டாலர். தாள்களின் எண்கள் முன்பே குறித்து வைக்கப்பட்டிருந்ததால், கூப்பரிடம் கொடுத்த பணம்தான் என்று உறுதியானது. 290 தாள்கள் போக மீதி 9,710 தாள்களில் ஒன்றுகூட இதுவரை எங்கும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் வகுப்பு என்னைவிட நன்றாக யோசித்தது. எங்கள் பிள்ளைகள் தென்பெண்ணையைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. "வெள்ளம் வந்தா இங்க விழுந்தது தாழங்குடா கடல் வரைக்கும் போயிடும் டீச்சர். ஆனா மேல இருக்கிற ஊருக்குப் போகாது" என்றான் ஒரு விவசாயி மகன். பணம் கிடைத்த இடம் அது விழுந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. நீரோட்டத்தின் மேல்பக்கம் எங்கோ விழுந்திருக்கலாம். மணல் மேலே மூடியிருக்கலாம். இன்னொருத்தி அதைவிட முக்கியமானதைச் சொன்னாள்: "அது பணத்தப் பத்திதான் சொல்லுது. ஆளப் பத்தி ஒண்ணும் சொல்லல." பணம் அவர் கையிலிருந்து நழுவியிருக்கலாம். அவரோடு விழுந்திருக்கலாம். அவரே புதைத்தும் இருக்கலாம்.

தாள்களைத் திரும்ப வாங்கியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். 'உடல் கிடைக்கவில்லை' என்ற ஒரே வரியை இரண்டு அணிகளும் தங்களுக்குச் சான்றாக எழுதியிருந்தன. ஓர் அணிக்கு அது 'ஆகவே பிழைத்தார்'. மற்ற அணிக்கு அது 'ஆகவே அடர்ந்த காட்டில் இறந்தார்'. இரண்டு முடிவுக்கும் பொருந்தும் செய்தி எந்த முடிவுக்கும் சான்றாகாது. பாடத்தின் மையம் இதுதான். ஆனால் அதை அன்றே சொல்லி முடிக்காமல் நான் வேறொன்று செய்தேன்.

நான் செய்த தவறு

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "சரி, கை தூக்குங்க. பிழைத்தார் என்பவர்கள் யார், இறந்தார் என்பவர்கள் யார்?" என்று கேட்டேன். இறந்தார் 24, பிழைத்தார் 14. வென்றவர்கள் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். 'பிழைத்தார்' அணியில் நன்றாகப் பேசிய ஒரு மாணவி மட்டும் உட்காரவில்லை. "உடம்பு கிடைக்காம எப்படி டீச்சர் செத்துட்டார்னு முடிவு பண்ணுவீங்க?" என்றாள். குரல் நடுங்கியது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா வேலை தேடி வெளியூர் போனவர். நான்கு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லை. வகுப்பாசிரியராக எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா கரும்பு வெட்டும் வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தார். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க டீச்சர். பிள்ள முன்னாடி மட்டும் எதையும் முடிவா சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்.

அது அப்படியில்லை என்பதை விளக்கினேன். புகார் என்பது தேடச் சொல்லும் விண்ணப்பம். ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய உறவினர்கள் 7 ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிருடன் இருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. அந்தச் சட்டம் 'அவர் இறந்துவிட்டார்' என்று சொல்வதில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்று மட்டுமே சொல்கிறது. எப்போதிலிருந்து தகவல் இல்லை என்பதைப் பின்னாளில் காட்ட, இன்று கொடுக்கும் புகாரே பதிவாக நிற்கும். அந்த வார சனிக்கிழமை அவருடன் நானும் போய் வந்தேன்.

மூன்றாம், நான்காம் பாடவேளை: நேதாஜி

அடுத்த வாரம் வகுப்பில் முதலில் என் தவறைச் சொன்னேன், மாணவியைக் குறிப்பிடாமல். "கை தூக்கி எண்ணுவதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. அன்று நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." பிறகு நம் நாட்டின் கேள்விக்கு வந்தோம். மலேயாவின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்கள் என்பதால், இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. கூப்பர் பிழைத்தாலும் இறந்தாலும் நமக்கு ஒன்றுமில்லை. நேதாஜி அப்படியல்ல. அவர் இறந்திருக்கக் கூடாது என்று மனம் விரும்புகிறது.

சான்றுகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்தேன். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானின் தைஹோக்கு விமானத்தளத்தில் ஜப்பானியப் போர் விமானம் புறப்பட்டவுடன் விழுந்ததாகவும், கடுமையான தீக்காயத்தால் சுபாஷ் சந்திர போஸ் அன்றிரவு மருத்துவமனையில் இறந்ததாகவும் உடன் பயணித்துப் பிழைத்த ஹபிபுர் ரஹ்மான் சொன்னார். சிகிச்சை அளித்த ஜப்பானிய மருத்துவர் யோஷிமியும் அவ்வாறே சொன்னார். அஸ்தி டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் வைக்கப்பட்டது. 1956-இல் ஷா நவாஸ் குழுவும், 1974-இல் அறிக்கை தந்த கோஸ்லா ஆணையமும் இதை ஏற்றன. 2005-இல் முகர்ஜி ஆணையம், அவர் அந்த விபத்தில் இறக்கவில்லை என்றது. அந்த முடிவை மத்திய அரசு ஏற்கவில்லை. இடையில், அவர் உயிருடன் இருப்பதாக முத்துராமலிங்கத் தேவர் பொதுவெளியில் சொன்னார். பார்த்ததாகச் சொன்னவர்கள் பலர்.

ஒவ்வோர் அட்டைக்கும் மூன்று கேள்விகள்: நேரில் பார்த்தவரா, கேட்டுச் சொன்னவரா? எப்போது சொன்னார்? அவர் சொன்னதற்கு வேறு யாராவது துணைச் சான்று தருகிறார்களா? ஒரு குழு கேள்வியையே இரண்டாகப் பிரித்தது. 1897-இல் பிறந்தவர் இன்று உயிருடன் இருக்க முடியாது. அதில் விவாதம் இல்லை. அன்று, அந்த இடத்தில் இறந்தாரா என்பதே கேள்வி. வாக்கெடுப்பு இல்லை. பதிலாக ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: 'எனக்கு இப்படித் தோன்றுகிறது, இந்தச் சான்று கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.' அஸ்தியின் மரபணுவைச் சோதித்தால் ஏற்பேன் என்று பலர் எழுதினார்கள்.

அந்த மாணவி எழுதவில்லை. கேட்டாள்: "அவங்க வீட்டுக்காரங்க என்ன டீச்சர் நெனச்சாங்க?" நான் சொன்னேன். ஷா நவாஸ் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணன் சுரேஷ் சந்திர போஸ், மற்ற இருவரின் முடிவை ஏற்காமல் தனியறிக்கை கொடுத்தார். மகள் அனிதா போஸ் பாஃப், தந்தை அந்த விபத்தில் இறந்தார் என்றே ஏற்கிறார். அஸ்தியை மரபணுச் சோதனை செய்து இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். ஒரே குடும்பத்தில் இரண்டு நிலை.

"ரெண்டு பேரும் அவர் மேல பாசமாத்தான் இருந்திருக்காங்க" என்றாள். பிறகு தாளை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் ஏதோ எழுதி மடித்துக் கொடுத்தாள்.

இப்பாடத்தை நடத்த விரும்புவோருக்கு

• தொலைதூர வழக்கில் தொடங்கி, மனத்துக்கு நெருக்கமான வழக்குக்குப் பிறகு செல்லுங்கள்.
• 'இன்னும் தெரியாதது' கட்டத்தைக் காலியாக விடும் குழுவிடம் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.
• எந்த நிலையிலும் கை தூக்கச் சொல்லி முடிவு காட்டாதீர்கள்.
• காணாமல் போனவர், விபத்து, மரணம் பற்றிய பாடம் எதுவானாலும், வருகைப்பதிவேட்டை ஒருமுறை பெயர் பெயராகப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் செல்லுங்கள். நான் பார்க்காமல் போனேன்.