மரக்காளான்களை இனங்கண்டறியும் முறை

மழைக்காலத்தில் தோப்புகளிலும் சாலையோரங்களிலும் உள்ள மரங்களின் பக்கவாட்டில், சிறு முறத்தைப் போன்ற கெட்டியான காளான்கள் முளைத்திருப்பதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். இவற்றைத் தட்டி உதிர்த்துவிட்டால் மரம் பிழைத்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவது தவறாகும். வெளியில் தெரியும் காளான் பூஞ்சணத்தின் காய் போன்றதே. அதன் உடல் மெல்லிய நூல்களாகக் கட்டையினுள் பரவி, வெகு நாட்களுக்கு முன்பே அழுகலைத் தொடங்கியிருக்கும். ஆயினும் எல்லாக் காளானும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. ஆதலால் அவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

புதிதாகப் பழகுவோர் மூன்று விஷயங்களை வரிசையாகக் கவனித்தல் வேண்டும்.

1. முளைத்த இடம்: உயிருள்ள மரத்தின் தூரிலா, காய்ந்த கிளையிலா, வெட்டிய கட்டையிலா?

2. கீழ்ப்புறம்: ஊசியாற் குத்தியது போன்ற நுண்துளைகளா, விசிறி மடிப்புகளா?

3. மேற்புறம்: நிறம் யாது? மினுமினுப்பு உண்டா, மயிர் படர்ந்துள்ளதா?

காய்ந்த கிளைகளில் ஓர் அங்குல அளவில், வெண்சாம்பல் நிறமாக, மேலே மயிருடனும் கீழே நெடுகப் பிளந்த மடிப்புகளுடனும் காணப்படுவது ஸ்கைசோபில்லம் ஆகும். வெயிலில் கிடக்கும் கட்டைகளில் மெல்லியதாக, மேலும் கீழும் செம்மஞ்சள் நிறமாய், கீழே துளைகளுடன் இருப்பது பிக்னோபோரஸ். இவ்விரண்டும் பெரும்பாலும் பட்ட கட்டையையே தின்பவை. விறகும் மரச்சாமான்களும் இவற்றால் கெடுமேயன்றி, நல்ல மரத்துக்கு அச்சம் குறைவு.

உயிருள்ள மரத்தின் தூரில், செம்பழுப்பு நிறமாய் அரக்குப் பூசியது போல மினுங்கி, வளரும் ஓரம் வெண்மையாய், கீழே வெண்ணிறத் துளைகளுடன் இருப்பது கானோடெர்மா இனமாகும். கீழ்ப்புறத்தை நகத்தாற் கீறினால் அவ்விடம் பழுப்பாகும். சுற்றிலும் கோகோப்பொடி போன்ற பழுப்புத் தூள் படிந்திருக்கும். இது வேரையும் தூரையும் அழிப்பது. இவ்வாறு தூர் அழுகிய மரம் தழையுடன் நிற்கும்போதே காற்றில் சாயக்கூடும். களத்துமேட்டிலும் மாட்டுக்கொட்டகையருகிலும் உள்ள மரங்களில் இதைக் கண்டால் தாமதித்தலாகாது.

தென்னையில் இந்நோய் 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டமையால் தஞ்சாவூர் வாடல் எனப் பெயர் பெற்றது. தென்னையில் காளானை எதிர்பார்த்திருத்தல் கூடாது. தூரின் வெடிப்புகளில் செம்பழுப்புச் சாறு வடிதலும் அடிமட்டைகள் தொங்குதலும் முதலில் தோன்றும். காளான் பெரும்பாலும் மரம் சாகுந் தறுவாயிலோ பட்ட பின்னரோதான் வெளிப்படும்.

பட்ட மரத்தை வேர்க்கட்டையுடன் தோண்டி எரித்துவிட வேண்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றி 5 அடி தள்ளி, 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள பள்ளம் வெட்டிப் பிரித்தல் நலம். அதன் பாத்தி நீர் மற்ற மரங்களுக்குப் பாயலாகாது. அடுத்த மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட்டு, கோடையில் தவறாது நீர் பாய்ச்சுதல் வேண்டும். வேர்கள் அறுபடும்படி ஆழ உழுதல் ஆகாது.

காளானைக் கண்ட மரத்தைக் காப்பது அரிது. அதன் அயலில் நிற்கும் மரங்களைக் காக்க இன்னும் காலம் உண்டு. ஆகவே மழைக்குப்பின் ஒருமுறையேனும் தோப்பைச் சுற்றிவந்து, ஒவ்வொரு மரத்தின் தூரையும் குனிந்து பார்ப்பது குடியானவரின் கடமையாகும்.