புகையான் பார்த்த கண்ணுக்கு துபாஸ் புதிதல்ல

குவைத்தின் ஃபர்வானியாவிலும் கைத்தானிலும் அறை எடுத்துத் தங்கி, தோட்ட வேலைக்கும் மருந்தடிக்கவும் போகிற நம்மவர்களில் விவசாய டிப்ளமா முடித்தவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இது. டேங்க் தூக்க யாரும் கிடைப்பார்கள். ஓலையில் இருப்பது எந்தப் பூச்சி என்று ஆதாரத்தோடு சொல்பவரைத்தான் முதீர் (மேலாளர்) மறுபடி கூப்பிடுவார்.

பேரீச்சையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டை இங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்துப் பழக வேண்டியது துபாஸ். ஓமன், ஈராக், அமீரகம் என்று வளைகுடா முழுக்கப் பேரீச்சையை வாட்டும் பூச்சி இது. சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி பிசுபிசுப்பைக் கழிக்கும். அதில் தூசி ஒட்டும், கரும்பூசணம் படரும், ஓலை கறுத்துப்போகும். ஆனால் கறுத்த ஓலையைப் பார்த்ததும் துபாஸ் என்று எழுதிவிடாதீர்கள். மாவுப்பூச்சி இருந்தாலும் இப்படித்தான் கறுக்கும். பூச்சியைப் பிடித்தாக வேண்டும்.

பிடித்ததைச் சின்னக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, 10 மடங்கு லென்ஸில் முதலில் உணர்கொம்பைத் தேடுங்கள். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் இருக்கிறதா? அதன் இரண்டாவது கணு உருண்டு பருத்திருக்கிறதா? அப்படியானால் புகையான் வகையறா. இரு கண்களுக்கு நடுவில் முன்பக்கமாக இருந்து, பின்னங்காலில் முட்கள் வரிசையாக நின்றால் அது இலைத்தத்துப்பூச்சி, சிகாடெல்லிடே குடும்பம். நம் வயலின் பச்சைத் தத்துப்பூச்சி இதில் வரும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து பின்னங்கால். பாதத்துக்குச் சற்று மேலே, அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருந்தால் டெல்பாசிடே குடும்பம். தஞ்சாவூர் நெல்லைத் தீய்த்த புகையான் இந்தக் குடும்பம்தான். ஊரில் தூரைத் தட்டிப் புகையான் பார்த்தவர்களுக்கு இந்த முள்ளைக் காண அதிக நேரம் ஆகாது. துபாஸுக்கு அந்த முள் கிடையாது. அதன் முதுகில், நடுமார்புக் கேடயத்தின் பின்நுனியைத் தனியாகப் பிரிக்கும் மெல்லிய பள்ளக்கோடு தெரியும். ட்ரோபிடூகிடே குடும்பத்தின் அடையாளம் அது. வளர்ந்த துபாஸ் மஞ்சள் கலந்த பச்சை, தலையில் கரும்புள்ளிகள். பெண் 5 முதல் 6 மில்லிமீட்டர், ஆண் அதைவிடச் சிறிது. குஞ்சுகளின் வால்பக்கம் மெழுகு இழைகள் குஞ்சமாக நீட்டிக்கொண்டிருக்கும். களத்தில் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் அதுதான், லென்ஸ் இல்லாமலே கண்ணில் படும்.

துபாஸை அடையாளம் காண்பதில் நிபுணர்களே தடுமாறியிருக்கிறார்கள். மத்தியதரைக்கடல் குட்டைப்பனையில் வாழும் ஒம்மாடிஸ்ஸஸ் பினோடேட்டஸ் என்ற இனத்தின் ஒரு வகையாகவே துபாஸை வெகுகாலம் எண்ணினார்கள். 1989இல் ஆஷ், வில்சன் இருவரும் இந்தப் பேரினத்தை மறுஆய்வு செய்து, துபாஸ், அதாவது ஒம்மாடிஸ்ஸஸ் லிபிகஸ், தனி இனம் என்று நிலைநிறுத்தினார்கள். பழைய அறிக்கையில் பினோடேட்டஸ் என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

அடையாளம் காண்பதால் காசு மிச்சமாவது எப்படி? துபாஸுக்கு ஆண்டில் இரண்டு தலைமுறை, கோடைக்கு முன் ஒன்று, கோடை கழிந்து ஒன்று. முட்டை ஓலையின் திசுவுக்குள் செருகப்பட்டிருப்பதால் மேலே அடிக்கும் மருந்து எளிதில் எட்டாது. குஞ்சு பொரிந்து வரும் நாட்களைப் பிடித்தால்தான் அடித்ததற்குப் பலன் உண்டு. இதை எடுத்துச் சொல்லி ஒரு சுற்று மருந்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பவர் சாதாரண ஹெல்ப்பர் இல்லை.

எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுங்கள். ‘வஃப்ரா, பேரீச்சை, கீழ் ஓலை, மெழுகு வால் குஞ்சுகள்’ என்று எழுதித் தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள். அதே எண்ணைக் குப்பிக்குள் பென்சிலில் எழுதிய சீட்டாகப் போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். சந்தேகமானதை உங்கள் முஹந்திஸ் (பொறியாளர்) மூலம், 1983இல் தொடங்கிய குவைத் வேளாண்மை, மீன்வள ஆணையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அடுத்த வேலைக்குப் பயோடேட்டா எழுதும்போது ‘பெஸ்ட் கன்ட்ரோல் அனுபவம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, எந்தப் பூச்சியை, எந்த மரத்தில், எந்த மாதம் கண்டீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு அந்த நோட்டும் கூடவே போகட்டும்.